‘வெறும் மரப்பு ஊசிதான் ஆச்சி’ என்று சொன்னால் வாயைத் திறந்துவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வயதானவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன கார்த்திகையில் எங்கள் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, நடந்தது. ஆத்தாவுக்கு வயது 67, எடை 52 கிலோ. பிரஷர் மாத்திரை உண்டு, அதோடு கை நடுக்கத்துக்காகப் புரோப்ரனலால் என்ற மாத்திரையும் ஐந்தாறு வருடமாகப் போடுகிறார்கள். இந்த மாத்திரையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கி இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பிள்ளையார் நோன்பு நெருங்குகிறது, பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள், அதற்குள் எடுத்துவிடலாம் என்று பக்கத்திலேயே இருந்த பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். வாசலில் ‘வலியில்லாமல் பல் எடுக்கப்படும், 600 ரூபாய்’ என்று போர்டு. உள்ளே வெள்ளைக் கோட்டில் ஒருவர் இருந்தார், எல்லாரும் டாக்டர் டாக்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். போர்டில் பெயர் இருக்கிற டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், இவர் அங்கே பல வருடமாக உதவிக்கு இருப்பவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. பிரஷர் பார்க்கவில்லை. நானாகவே மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினேன், அதைத் திறந்துகூடப் பார்க்காமல், “வெறும் மரப்பு ஊசிதான் ஆச்சி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்றார். அந்த ‘வெறும்’ என்ற சொல்லில்தான் நான் ஏமாந்தேன்.

மேசையில் மருந்து பாட்டில் ஒன்று, மேலே ரப்பர் மூடி, அந்த மூடியில் ஏற்கெனவே ஓர் ஊசி குத்தியபடியே நின்றது. வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஊசியில் சிரிஞ்சை மாட்டி மருந்தை உறிஞ்சி எடுக்கிறார்கள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆத்தாவை நிமிர்ந்து உட்கார வைத்தபடியே 2 மில்லி ஊசியைக் கடைவாய்க்குப் பின்னால் குத்தி, ஐந்தாறு நொடியில் முழுவதையும் தள்ளிவிட்டார். மரக்கவில்லை. இன்னொன்று. அதற்கும் முழுசாக மரக்கவில்லை, கொறடு பட்டதும் ஆத்தா துள்ளினார்கள். மூன்றாவதும் போட்டார்.

அது போட்டு ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆத்தா என் கையைப் பிடித்தார்கள், கை ஐஸ் மாதிரி இருந்தது. “தலை ரெண்டாப் பொளக்குதுடி, நெஞ்சுக்குள்ள உலக்கையப் போட்டு இடிக்கிற மாதிரி இருக்கு” என்றார்கள். முகமெல்லாம் வெளிறி வியர்த்துக் கொட்டுகிறது. ஊசி போட்டவர் ஆத்தா முகத்தில் தண்ணீரைத் தெளித்து, “பயத்துல வர்றதுதான், சோடா வாங்கிக் கொடுங்க” என்றார். பல்லை எடுக்கவில்லை. ஆனால் ‘வெளிநாட்டு மருந்து’ என்று ஊசிக்கு 300 வீதம் 900 ரூபாய் வாங்கிக்கொண்டார், பில் கிடையாது.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் 198/112, நாடித் துடிப்பு மட்டும் 52. அங்கே இருந்த டாக்டர் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “நடுக்கத்துக்கோ நெஞ்சுக்கோ ஏதாவது மாத்திரை போடுறாங்களா?” டப்பாவைக் கொடுத்தேன், புரோப்ரனலால் அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். படுக்க வைத்து, ஈசிஜி எடுத்து, இரண்டு மணி நேரம் பார்த்த பிறகு பிரஷர் இறங்கியது.

அவர் விளக்கியதை என்னால் முடிந்த வரை எழுதுகிறேன். மரப்பு ஊசியில் மரக்க வைக்கிற லிக்னோகைன் மட்டும் இருப்பதில்லை, பெரும்பாலும் அட்ரினலினும் சேர்ந்திருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால் மருந்து அந்த இடத்திலேயே நின்று நேரம் கூட மரத்திருக்கும், ரத்தமும் குறைவாக வரும். நல்ல விஷயம்தான். ஆனால் புரோப்ரனலால் போடுகிற உடம்பில் அட்ரினலின் போனால், குழாயைச் சுருக்குகிற வேலை மட்டும் நடக்கும், விரிக்கிற வேலையை மாத்திரை தடுத்துவிடும். பிரஷர் சட்டென்று ஏறும், அதைச் சமாளிக்க இதயம் துடிப்பைக் குறைக்கும். ஆத்தாவுக்கு நடந்தது இதுதான்.

மறுநாள் திரும்பப் போய்ப் பாட்டிலைப் பார்த்தேன். சாதாரண 30 மில்லி பாட்டில், இங்கேயே தயாரானது. லேபிளில் 2 சதவீத லிக்னோகைன், அட்ரினலின் 1:80,000 என்று இருந்தது. எப்போது திறந்தது என்ற தேதி எங்கும் எழுதவில்லை. அந்த விகிதத்தில் 1 மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம் அட்ரினலின். மூன்று ஊசி, 6 மில்லி, மொத்தம் 75 மைக்ரோகிராம். இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பல் மருத்துவத்தில் பொதுவான வரம்பு, புரோப்ரனலால் போடுகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கை உண்டு. லிக்னோகைன் கணக்கு 120 மில்லிகிராம்தான், ஆத்தா எடைக்கு அது வரம்பைத் தாண்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஊசியிலேயே ஏன் மரக்கவில்லை என்றும் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டேன். சீழ் கட்டி வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்கே மருந்து சரியாகப் பிடிக்காது, முதலில் வீக்கத்தைக் கவனித்திருக்க வேண்டும் என்றார்கள். அது தெரியாதவர் ஊசி மேல் ஊசி போட்டிருக்கிறார்.

இன்னொரு விஷயம். கீழ்த்தாடைக்கு ஊசி போடும் இடத்தில் ரத்தக் குழாய்கள் பக்கத்திலேயே ஓடுகின்றன. அதனால் குத்தியதும் சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தள்ள வேண்டும், அதுவும் மெதுவாக, 1 மில்லிக்கு ஒரு நிமிடம் போல. எங்களுக்கு ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அப்புறம் அந்த ரப்பர் மூடி ஊசி. மூடியில் ஊசியை விட்டுவைத்தால் பாட்டில் திறந்தே கிடக்கிற மாதிரிதான், யாராவது பழைய சிரிஞ்சை ஒரு தடவை மாட்டினாலும் மொத்தப் பாட்டிலும் கெட்டது. 2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக் வழியாகத் தொற்று பரவி எட்டுப் பேர் இறந்தார்கள், அங்கே வாய் கழுவும் சலைன் பாட்டிலைப் பயன்படுத்திய கருவியாலேயே திறந்ததுதான் காரணம் என்று ஆய்வில் சொன்னார்கள். இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆத்தாவுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் பார்த்தோம், இல்லை என்று வந்தது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று தடவை ஒரே இடத்தில் குத்தியதில் தாடைத் தசை இறுகிவிட்டது, ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. பிள்ளையார் நோன்பில் இழை எடுப்பது என்றால், மாவில் வைத்த திரியை ஏற்றி, எரிகிறபடியே மாவோடு வாயில் போட்டுக்கொள்வது. நோன்பன்று எல்லாருக்கும் இழை கொடுத்துவிட்டுத் தான் எடுக்கும்போது, எரிகிற திரியோடு மாவு உள்ளே போகவில்லை. அப்பச்சி (அப்பா) திரியை அணைத்துவிட்டு மாவைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினார்கள். இத்தனை வருடத்தில் ஆத்தா அப்படி இழை எடுத்து நான் பார்த்ததில்லை.

மரப்பு ஊசியே வேண்டாம் என்று யாரும் பயந்துவிடாதீர்கள். வாய் சரியானதும் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில்தான் அதே பல்லை எடுத்தோம். அந்தப் பெண் டாக்டர் முதலில் மாத்திரை அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார், பிரஷர் பார்த்தார், நாற்காலியைச் சாய்த்துப் படுக்க வைத்தார், அட்ரினலின் இல்லாத மருந்தை எங்கள் கண் முன்னால் சீல் உடைத்து எடுத்து, பின்னிழுத்துப் பார்த்து, மெதுவாகப் போட்டார். ஆத்தாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மரப்பு விடும் வரை உதட்டைக் கடிக்காமல், சூடாக எதுவும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், சின்னப் பிள்ளைகள் என்றால் இதை இன்னும் கவனிக்க வேண்டும், மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள்.

நீங்கள் போகும்போது ஊசி போடுகிறவரின் பெயரும் பதிவு எண்ணும் கேளுங்கள், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இல்லாதவர் வாயில் கை வைக்கக் கூடாது. பாட்டில் மூடியில் ஊசி நின்றால் எழுந்து வந்துவிடுங்கள், சங்கடப்படாதீர்கள். நான் கவுன்சிலுக்கும், சிவகங்கையில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஈசிஜியையும்தான் இணைத்தேன். அதே இடத்தில் உங்களுக்கோ வீட்டாருக்கோ இப்படி நடந்திருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள், ஒரு மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள், நாலைந்து போனால் வந்து பார்த்தாக வேண்டும்.