க்ளூட்டன் ஃப்ரீ பிரெட் மிக்ஸ்: மூணு பாக்கெட் வாங்கினவளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், க்ளூட்டன் (கோதுமை, பார்லில இருக்கற ஒரு புரோட்டீன்) இல்லாத இந்த மிக்ஸ் மோசமான பொருள் இல்ல. பாக்கெட்ல என்ன போட்டிருக்கோ அது உள்ள இருக்கு, சொன்ன மாதிரி செஞ்சா பிரெட்டும் வருது. நான் ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம் பாதி பொருள், மீதி பாதி அதை வாங்கின நான்.

எனக்கு தைராய்டு இருக்கு (ஹாஷிமோட்டோ டைப், அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்கற ஆட்டோஇம்யூன் வகை), டைப் 2 சுகர் இருக்கு, ஐபிஎஸ்னு (அடிக்கடி வலி, உப்புசம்னு படுத்தற குடல் கோளாறு) எழுதிக் கொடுத்த வயிறு ஒண்ணு இருக்கு, இதெல்லாம் போதாதுன்னு ரெண்டு வருஷமா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்பு சேமிப்பக் காட்டற அளவு) ஏறவே மாட்டேங்குது. எப்பப் பாத்தாலும் அசதி, சாப்பிட்டா வயிறு உப்புசம், காலைல எந்திரிச்சா விரல் மடங்காது. சித்தி பொண்ணு போன் பண்ணி "நீ கோதுமைய விடுக்கா, எல்லாம் ஒரு மாசத்துல போயிடும்"னா. நாலு டாக்டர் நாலு மாத்திரை குடுக்கறப்ப ஒரே ஒரு விஷயத்த விட்டா எல்லாம் போயிடும்னு ஒருத்தர் சொன்னா எவ்ளோ ஆசையா இருக்கும், அன்னைக்கே மூணு பாக்கெட் ஆர்டர் போட்டுட்டேன்.

மிக்ஸ்ல இருக்கறது அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், சாந்தன் கம், இசப்கோல் உமி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. ஈஸ்ட் தனி சாஷேல வருது. இதுக்கு முன்னாடி கோதுமை மாவு பிசைஞ்சு பழகின கை இருந்தா அதை மறந்துடுங்க. இது மாவா பிசையற பதத்துக்கு வராது, கேக் மாவுக்கும் களிமண்ணுக்கும் நடுவுல ஒரு பதம், தண்ணி ஊத்தின ரெண்டு நிமிஷத்துக்கு நீர்த்துப் போன மாதிரி தெரியும், ஐயோ தண்ணி அதிகமாயிடுச்சேன்னு இன்னும் மாவு போடத் தோணும், போடாதீங்க, அஞ்சு நிமிஷம் விட்டா அந்த இசப்கோல் தண்ணிய இழுத்துக்கிட்டு ஜெல்லி மாதிரி இறுகிடும். க்ளூட்டன்தான் மாவ ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிச்சு காத்த உள்ள அடைச்சு வெக்கறது, அது இல்லாததால அந்த வேலைய கம்மும் உமியும் செய்யுது, அவ்ளோதான் விஷயம். ஈரக் கையால தட்டி டின்ல போடணும், காஞ்ச கைய வெச்சா விரல் இடுக்குல எல்லாம் ஒட்டிக்கிட்டு சிங்க்ல உக்காந்து சுரண்டணும்.

முதல் தடவ அவசரப்பட்டு சூடா வெட்டிட்டேன், கத்தி பூரா பிசின், நடுவுல வேகாத மாதிரி ஈரம். அது வேகாம இல்ல, ஆறல. ஸ்டார்ச் ஆறினாதான் செட் ஆகும், முழுசா ரெண்டு மணி நேரம் விடணும், பாக்கெட்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல, இதுக்கு ஒரு ஸ்டார் கட். ரெண்டாவது தடவ நல்லா வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் சாப்பிட்டா அருமை, மறுநாள் காலைல ரஸ்க்குக்கு முந்தின கட்டம், மூணாவது நாள் எடுத்தா கையிலயே உதிருது. வெட்டி ஃப்ரீசர்ல போட்டு வேணும்போது டோஸ்ட் பண்றதுதான் வழி.

இப்ப சுகர் இருக்கறவங்க கொஞ்சம் கவனிங்க. ஒரே அளவு ரெண்டு ஸ்லைஸ், ஒரே மாதிரி முட்டை, ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தேன். சாதாரண முழுக் கோதுமை பிரெட்டுக்கு 158, இதுக்கு 197. ஒரு நாள் தப்பா இருக்கும்னு இன்னும் ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டு தடவையும் இதுதான் மேல. யோசிச்சா ஆச்சரியமே இல்ல, முழுக் கோதுமைல இருக்கற தவிடும் புரோட்டீனும் போய் அந்த எடத்துல சுத்தமான ஸ்டார்ச் வந்து உக்காந்திருக்கு, அது சர்க்கரையா மாறறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்காது. "க்ளூட்டன் ஃப்ரீ"ன்னு போட்டா "உடம்புக்கு நல்லது"ன்னு நம்ம மூளை தானா படிச்சுக்குது பாருங்க, அங்கதான் ஏமாறறோம். பிஸ்கட்டும் அப்படித்தான், க்ளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

தைராய்டு மாத்திரை போடறவங்களுக்கு இன்னொண்ணு. இசப்கோல் மாதிரி நார்ச்சத்து மாத்திரை உடம்புல சேர்றத குறைக்கலாம், அதனால மாத்திரையப் போட்டுட்டு உடனே இந்த டோஸ்ட்ட கடிக்காதீங்க, வெறும் வயித்துல போட்டு அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுங்க.

சரி, கோதுமைய விட்டதுல என்ன ஆச்சு? மூணு வாரத்துல உப்புசம் நல்லாவே குறைஞ்சுது, உண்மையச் சொல்றேன். அசதி அப்படியே, விரல் அப்படியே. ஆனா உப்புசம் குறைஞ்ச சந்தோஷத்துல ரெகுலர் செக்கப்புக்குப் போய் பெருமையா சொன்னேன், டாக்டர் பேனாவ கீழ வெச்சுட்டு "டெஸ்ட் எடுக்காம யாரும்மா நிறுத்தச் சொன்னது"ன்னு கேட்டார். கோவமெல்லாம் இல்ல, தலைல கை வெச்சுக்காத குறை.

ஏன்னா சீலியாக் (க்ளூட்டன் சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி நம்ம சிறுகுடலையே தாக்கற வியாதி) இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட், டிடிஜி ஐஜிஏன்னு பேரு, நம்ம உடம்பு க்ளூட்டனுக்கு எதிரா கிளம்புறப்ப உண்டாகற ஆன்டிபாடியத்தான் தேடுது. க்ளூட்டனையே நிறுத்திட்டா அது குறைய ஆரம்பிச்சிடும், அப்புறம் நெகட்டிவ்னு வந்தா அதுக்கு அர்த்தம் இல்ல. எனக்கு சும்மா ஆசைக்கு சந்தேகப்படல அவரு, ஆட்டோஇம்யூன் தைராய்டும் மாத்திரைக்கு மசியாத இரும்புக் குறைவும் சேந்து இருந்தா கட்டாயம் பாக்க வேண்டிய டெஸ்ட்டாம். நான்தான் அதைக் கெடுத்து வெச்சுட்டேன். திரும்ப ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல கோதுமை சாப்பிடுங்கன்னார். உப்புசத்தோட ஆறு வாரம்! இதுல ஒரு லேப் வேற, நான் கேட்ட ரெண்டு டெஸ்ட்ல ஒண்ண மட்டும் எடுத்துட்டு பேக்கேஜ்ல அவ்ளோதான்னு அனுப்பிட்டாங்க. டோட்டல் ஐஜிஏவும் (ஐஜிஏ ஒரு வகை ஆன்டிபாடி, அதோட மொத்த அளவு) கூடவே பாக்கணும், சில பேருக்கு அந்த ஐஜிஏவே உடம்புல கம்மியா இருக்கும், அவங்களுக்கு சீலியாக் இருந்தாலும் இந்த டெஸ்ட் நெகட்டிவ்னு காட்டிடும். மறுபடி ஊசி, மறுபடி காசு.

ரெண்டும் நார்மல். எனக்கு சீலியாக் இல்லன்னு டாக்டர் முடிவு பண்ணினார்.

அப்ப உப்புசம் ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டா, டயட்டீஷியன் சொன்னது ஃப்ரக்டான்னு ஒரு பேரு. கோதுமைல க்ளூட்டன்ங்கற புரோட்டீன் மட்டும் இல்ல, ஃப்ரக்டான்ங்கற ஒரு வகை மாவுச்சத்தும் இருக்கு, அது செரிக்காம பெருங்குடலுக்குப் போய் புளிச்சு கேஸ் ஆகும், ஐபிஎஸ் வயிறு அதைத் தாங்காது. 2018ல வந்த ஒரு நார்வே ஆராய்ச்சில க்ளூட்டன் ஒத்துக்கல, ஆனா சீலியாக் இல்லன்னு இருந்த 59 பேருக்கு உள்ள என்ன இருக்குன்னு சொல்லாம பார் குடுத்துப் பாத்திருக்காங்க, ஒண்ணுல க்ளூட்டன், ஒண்ணுல ஃப்ரக்டான், ஒண்ணுல ரெண்டும் இல்ல. ஃப்ரக்டான் பார் சாப்பிட்ட வாரம்தான் அதிகமா வயித்தப் பிடிச்சிருக்கு. அதே ஃப்ரக்டான் வெங்காயத்துலயும் பூண்டுலயும் எக்கச்சக்கம், நான் பிரெட்ட விட்டுட்டு வெங்காயத்த அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு கூத்து, நடுவுல சோம்பேறித்தனத்துல ஒரு ரெடிமேட் க்ளூட்டன் ஃப்ரீ பிரெட் வாங்கினேன், அதைச் சாப்பிட்டு பழைய உப்புசம் அப்படியே வந்துச்சு, லேபிள திருப்பினா நார்ச்சத்துக்குன்னு இன்யூலின் சேத்திருக்காங்க. இன்யூலின் வேற யாரும் இல்ல, ஃப்ரக்டான் குடும்பம்தான். சிக்கரி வேர் ஃபைபர்னு போட்டிருந்தாலும் அதேதான். இந்த மிக்ஸ்ல அது இல்ல, அந்த ஒண்ணுக்காக ஒரு ஸ்டார் சேத்தே குடுக்கலாம்.

மிச்சம் இருந்த அசதிக்கு வருவோம். டாக்டர் என்னோட மாத்திரை டப்பாவ கொண்டு வரச் சொல்லி மேஜைல கொட்டி வரிசையா அடுக்கினார். தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் நான் காலைல பத்து நிமிஷ இடைவெளில போட்டுக்கிட்டு இருந்தேன், நடுவுல நாலு மணி நேரமாவது விடணுமாம், இரும்பு அந்தத் தைராய்டு மருந்த சேர விடாதாம், டிஎஸ்எச் (தைராய்டு சரியா இருக்கான்னு காட்டற ரத்த அளவு) ஏன் ஏறி இறங்கி ஆடுதுன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது. இரும்பு மாத்திரைய முழுங்கினது டீயோட, டீ இரும்ப சேர விடாது. சுகருக்குப் போடற மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா பி12 குறையலாம், பாத்தா குறைஞ்சுதான் இருந்துச்சு. அதே மெட்ஃபார்மின் வயித்தையும் கலக்கும், அதை மெதுவா கரையற வகைக்கு மாத்தினார். விரலுக்கு மூட்டு டாக்டர் கிட்ட தனியா எழுதிக் குடுத்திருக்கார், அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. எல்லாத்தையும் நான் பிரெட்டு தலைல கட்டிட்டு இருந்திருக்கேன்.

அப்ப இந்த மிக்ஸ் யாருக்கு? சீலியாக் கன்ஃபர்ம் ஆனவங்களுக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம், க்ளூட்டன் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 20 பங்கு) கீழன்னு தெளிவா போட்டிருக்கு, அதுதான் பல நாடுகள்ல லேபிளுக்கு வெச்சிருக்கற வரம்பு. சும்மா "கோதுமை இல்லை"ன்னு மட்டும் போட்ட பொருள நம்பாதீங்க, பார்லி மால்ட் உள்ள உக்காந்திருக்கும். என்ன மாதிரி நாலு வியாதிய வெச்சுக்கிட்டு யோசிக்கறவங்க டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் வாங்குங்க, மிக்ஸ் எங்கயும் ஓடிடாது.

மூணு ஸ்டார். திறந்த பாக்கெட் ஒண்ணும் திறக்காதது ஒண்ணும் மிச்சம் இருந்துச்சு. நாத்தனாருக்கு பத்து வருஷமா சீலியாக், போன வாரம் வந்தப்ப ரெண்டையும் எடுத்துக் குடுத்தேன். திறந்த பாக்கெட்ட கையில வாங்கிட்டு, "அண்ணி, கோதுமை மாவு எடுத்த கரண்டிய இதுல போட்டீங்களா?"ன்னு கேட்டா. எனக்கு சத்தியம் பண்ண முடியல. சிரிச்சுட்டு திறக்காதத மட்டும் பைல வெச்சுக்கிட்டா.