ஸ்டில் கேமராவில் வீடியோ: பல வருடம் பயன்படுத்திய பிறகு

"போட்டோ எடுக்கத்தான் கேமரா வாங்குகிறேன், அதில் வீடியோ எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கேமரா), அப்புறம் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது) என்று பல வருடமாக ஒரே கேமராவில் இரண்டையும் எடுத்து வருகிறேன். வீடியோ வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் வீடியோ வந்தது 2008-ல். நிகான் டி90 முதலில் 720பி-யில் (720 வரிகள் கொண்ட படம்) எடுத்தது, ஒரு கிளிப்புக்கு அதிகபட்சம் 5 நிமிடம். அதே வருடம் கேனான் 5டி மார்க் 2 ஃபுல் ஃபிரேம் சென்சாரில் (35 மிமீ ஃபிலிம் அளவுள்ள, ஒளியைப் படமாக்கும் சில்லு) 1080பி வீடியோவைக் கொண்டு வந்தது. பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிற காட்சியை, கையில் இருக்கிற போட்டோ லென்ஸிலேயே எடுக்கலாம் என்று ஆனது அப்போதுதான்.

வீடியோவை எடுத்துவிட்டால் விலை குறையும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 2013-ல் நிகான் டிஎஃப் வீடியோவே இல்லாமல் வந்தது. வீடியோ இருந்த டி610-ஐ விட அதன் விலை அதிகம். அதுவும் போக, மிரர்லெஸ் கேமராவில் வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) நாம் பார்ப்பதே சென்சார் இடைவிடாமல் அனுப்பும் நேரடிக் காட்சிதான். கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஆட்டோஃபோகஸும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. இவ்வளவும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, பதிவு பட்டனை மட்டும் பிடுங்கி என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

என்னைக் கேட்டால், வீடியோவின் பெரிய லாபம் குரல். தங்கை மகள் சைக்கிள் பழகிய நாளில் நிறைய போட்டோ எடுத்தேன், நல்ல படங்கள். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு சின்ன கிளிப்பை. "விட்டுடாதீங்கப்பா, விட்டுடாதீங்கப்பா" என்று அவள் கத்திக்கொண்டே போகிறாள். அவள் அப்பா எப்போதோ கையை எடுத்துவிட்டு, பின்னாலேயே ஓடி வருகிறார். அந்தப் பதற்றக் குரலை எந்தப் போட்டோவும் எனக்குத் தந்திருக்காது.

ஆனால் போட்டோ செட்டிங்கை அப்படியே வைத்துக்கொண்டு வீடியோவுக்குத் தாவ முடியாது. ஓடுகிற குழந்தையைப் போட்டோவில் உறைய வைக்க ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/1000 நொடி வேண்டும். அதே குழந்தையின் ஓட்டம் வீடியோவில் இயல்பாகத் தெரிய, நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப் படம்) எடுக்கும்போது 1/50 வைப்பது வழக்கம். உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) அகலமாக எஃப்/2 என்றால் சரியான வெளிச்சத்துக்கு ஷட்டர் 1/6400 வரை போகும். அதை 1/50-க்கு இறக்க ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைப்பது) வெளிச்சத்தைத் தடுக்கிற என்டி ஃபில்டரை, அதாவது கருமையான கண்ணாடியை, லென்ஸ் முன் மாட்ட வேண்டும். இல்லையென்றால் அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டும். மங்கிய பின்னணி போய்விடும். வெயிலில் நின்று ஃபில்டரைத் திருகிக்கொண்டிருக்கும்போது நல்ல போட்டோ ஒன்று கைநழுவிப் போகும். அதனால் நான் ஒரு இடத்துக்குப் போனால் முதலில் போட்டோவை முடித்துவிட்டு அப்புறம்தான் வீடியோவுக்கு மாறுவேன்.

4கே வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை உருவினால் போட்டோ ஆகிவிடாதா என்று கேட்கலாம். கிடைப்பது சுமார் 8 மெகாபிக்சல் படம், சாதாரண பிரின்டுக்குப் போதும். ஆனால் 1/50-ல் எடுத்தது என்பதால் அசைகிற கை, கால் எல்லாம் இழுபட்டுத் தெரியும்.

கேமராவுக்குள் இருக்கும் மைக் பரவாயில்லை ரகம். அமைதியான அறையில் லென்ஸ் மோட்டார் கரகரப்பது, டயலைத் திருப்பும் சத்தம் எல்லாம் பதிவாகிவிடும். வெளியே காற்றடித்தால் பேச்சே கேட்காது. பேசுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மைக்கை வைத்தாலே வீடியோவின் தரம் எங்கேயோ போய்விடுகிறது. 1080பி-யிலிருந்து 4கே-க்கு மாறியபோது கூட எனக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

நீளமான நிகழ்ச்சிக்கு இதை நம்பாதீர்கள். பழைய மாடல்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்டதால் வந்த வரம்பு அது. புதியவற்றில் அந்த வரம்பு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் சூடு இருக்கிறது. சின்ன உடம்பு, பெரிய சென்சார், ஃபேன் கிடையாது; 4கே-யில் விடாமல் ஓடினால் சில மாடல்கள் எச்சரிக்கை காட்டி அணைந்துவிடும். மெமரி கார்டும் யோசிக்க வேண்டிய செலவுதான்: 100 எம்பிபிஎஸ்-ல் (நொடிக்கு 100 மெகாபிட்) ஒரு மணி நேரம் எடுத்தால் 45 ஜிபி.

வாங்கப் போகிறவர்கள் 8கே என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மைக் செருக 3.5 மிமீ துளை இருக்கிறதா, 4கே-யில் ஃபிரேம் ஓரங்கள் வெட்டப்படுகிறதா, திரை முன்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் மாற தனி சுவிட்ச் இருந்து, இரண்டின் செட்டிங்கையும் அது தனித்தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த சுவிட்ச் உள்ள மாடலுக்கு மாறிய பிறகுதான் நான் வீடியோ அதிகம் எடுக்க ஆரம்பித்தேன்.