பழைய யான்மாரா, பழைய குபோட்டாவா? வாங்கி வீட்டுக்கு கொண்டு வந்த பிறகு தெரியுற கதை

மியான்மர்ல தட்டோன் பக்கம் எங்க ஊர்ல இந்த வருஷம் நானும் மச்சானும் ஆளுக்கொரு செகண்ட் ஹேண்ட் டிராக்டர் வாங்கினோம். நான் எடுத்தது யான்மார் ஒய்எம் 2000, ஜப்பான்ல ஓடி முடிச்சு வந்த ரெண்டு சிலிண்டர் வண்டி, லிவர் பக்கத்துல இருக்கிற எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. மச்சான் எடுத்தது குபோட்டா எல் 3408, தாய்லாந்து வண்டி, மூணு சிலிண்டர், 34 குதிரை சக்தி, ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்கு இன்னும் நாள் இருந்துச்சு, அதனால ரெண்டையும் எங்க வீட்டு புளியமரத்தடியில பக்கத்துல பக்கத்துல நிப்பாட்டி ஒரு வாரம் பிரிச்சு பாத்தோம். எது நல்ல வண்டின்னு டீக்கடையில பேசுறது வேற, வாங்கின பிறகு எத நம்ம கையால சரி பண்ண முடியுதுங்கிறது வேற, நான் சொல்ல வர்றது ரெண்டாவது.

மொதல்ல ஒண்ணு, வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு மீட்டர்ல காட்டுறத நம்பாதீங்க. என் வண்டிய வித்தவரு புது பெயிண்ட் அடிச்சு மீட்டர்ல ஆயிரத்து சொச்சம் மணி காட்டினாரு, ஆனா கிளட்ச் பெடல்ல ரப்பரே இல்ல, இரும்பு வழவழன்னு தேஞ்சு கிடக்கு. பெடல், பின்னால கலப்பைய தூக்குற லிஃப்ட் கையோட ஓட்டை, பின்னு, இதுங்க தான் உண்மைய சொல்லும்.

ஆயில் விஷயத்துல ரெண்டுக்கும் ஒரே நியாயம். கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் தான், அது பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம். கியர் லிவர் அடியில இருக்கிற ரப்பர் கிழிஞ்சிருந்தா நம்ம ஊர் மழை நேரா உள்ள தான் போகும். ரெண்டு வண்டியிலயும் இறக்கினோம், ரெண்டுமே பால் தான், ஜல்லடைய கழட்டி டீசல்ல கழுவி புது ஆயில் ஊத்தினோம். அதுக்கப்புறமும் மச்சான் வண்டி லிஃப்ட் மேல போச்சு, கீழ இறங்கல, பம்ப் போச்சுன்னு அவன் முகமே கருத்துப் போச்சு. சீட்டுக்கு முன்னாடி அடியில ஒரு திருகு இருக்கும், லிஃப்ட் எவ்ளோ வேகமா இறங்கணும்னு வைக்கிறது, அது முழுசா மூடியிருந்துச்சு, அவ்ளோ தான். இது யான்மார்லயும் உண்டு, பட்டறைக்கு ஓடுறதுக்கு முன்னாடி மொதல்ல அதத் தொட்டுப் பாருங்க.

இஞ்சின் கிட்ட வந்தா தான் ரெண்டும் தனித்தனி வழி. என் யான்மார்ல டீசல் நேரா பிஸ்டன் மேலயே அடிக்குது, குபோட்டால தனியா ஒரு சின்ன அறையில அடிச்சு அங்கேர்ந்து வருது. அதனால குபோட்டாவுக்கு அந்த அறைய சூடாக்குற ஹீட்டர் பிளக் வேணும், மார்கழி காலையில மட்டும் இல்ல, சாதாரண நாள்லயே ஹீட் பண்ணாம அடிச்சா இழுக்கும். மச்சான் வண்டி வெள்ளைப் புகை விட்டு மூணு நாலு தடவ இழுத்து தான் ஸ்டார்ட் ஆச்சு, அவன் கம்ப்ரெஷன் (பிஸ்டன் காத்த அழுத்துற சக்தி) போச்சுன்னே முடிவு பண்ணிட்டான். மீட்டர் வச்சு பிளக்க ஒண்ணொண்ணா பாத்தோம், நல்ல பிளக்னா 1 ஓம் பக்கத்துல காட்டணும், மூணுல ரெண்டு பிளக் ஒண்ணுமே காட்டல. புதுசு மாட்டின பிறகு ஒரே இழுப்பு. பிளக் வாங்கி மாட்டுறதோட தீந்துச்சு, இதுக்குப் போய் இஞ்சின பிரிக்க சொல்லியிருந்தா எவ்ளோ செலவு ஆகியிருக்கும் யோசிங்க. யான்மார்ல அந்த தலைவலியே இல்ல, வால்வ தொறந்து வச்சு இஞ்சின லேசா சுத்த விடுற டீகம்ப்ரெஷன் லிவர இழுத்து இஞ்சின சுத்த விட்டு, வேகம் வந்ததும் விட்டா பிடிச்சுக்கும்.

டேப்பட் செட்டிங், அதாவது வால்வு மேல விடுற இடைவெளி, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இஞ்சின் ஆறி இருக்கிறப்ப 0.2 மில்லிமீட்டர். யான்மார்ல நாலே வால்வு, மூடிய கழட்டி இடைவெளி அளக்கிற பீலர் கேஜ் வச்சு அரை மணி நேரத்துல முடிச்சிட்டேன். குபோட்டால ஆறு வால்வு, பொறுமை வேணும்.

ஆனா தண்ணி விஷயத்துல என் வண்டிய நான் தூக்கிப் பேச மாட்டேன். ஒய்எம் 2000க்கு வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணி தானா மேல ஏறும், ரேடியேட்டர்ல ஆறி கீழ இறங்கும், அந்த ஓட்டத்துல தான் இஞ்சின் குளுருது. பம்ப் இல்லன்னா பம்ப் கெட்டுப்போகவும் வழியில்ல, அது நல்லது தான், ஆனா ரேடியேட்டர்ல தண்ணி கொஞ்சம் குறைஞ்சு மேல் குழாய் வாய் வெளிய தெரிஞ்சா ஓட்டமே நின்னுடும். உள்ள துரு அடைச்சிருந்தாலோ வெளிய வைக்கோல் தூசி படிஞ்சிருந்தாலோ அதே கதி. நான் மூணு தடவ கழுவி விட்டேன், மூணாவது தடவ தான் தண்ணி தெளிவா வந்துச்சு. இப்ப தினமும் காலையில மூடிய தொறந்து பாக்காம சாவி போடுறதில்ல. குபோட்டால பம்ப் இருக்கு, பெல்ட் இருக்கு, பெல்ட்ட நடுவுல விரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் பக்கம் அமுங்கணும், அத பாத்துக்கிட்டா போதும், நாள் முழுக்க சேத்துல கேஜ் வீல் (கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம்) போட்டு கலக்கினாலும் தாங்குது.

கிளட்ச், பிரேக் ரெண்டுலயும் சேம். பெடல் 20லேர்ந்து 30 மில்லிமீட்டர் சும்மா இறங்கணும், அதுக்கு அப்புறம் தான் பிடிக்கணும், கம்பிய திருகி வச்சுக்கலாம். இடது வலது பிரேக் ரெண்டும் ஒண்ணா பிடிக்குதான்னு காலி ரோட்டுல மெதுவா ஓட்டி பாருங்க, ஒரு பக்கம் இழுத்தா அப்படியே விடாதீங்க, நெல்லு மூட்ட ஏத்தின டிரெய்லரோட மெயின் ரோட்டுல அது ஆளையே கொல்லும். ரோட்டுக்கு ஏறுறப்ப ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு சேத்துருங்க.

குபோட்டாவோட பெரிய செலவு முன் ஆக்சில் தான். ஃபோர் வீல் வண்டி வருஷக்கணக்கா சேத்துல கிடந்தா சீல் போகும், சேத்துத் தண்ணி கியர் உள்ள இறங்கும். முன்சக்கரம் பக்கத்துல இருக்கிற போல்ட்ட தொறந்தா மச்சான் வண்டியில ஆயில் சாம்பல் நிறத்துல வந்துச்சு, நல்ல காலம் பல்லு உடையல. தாய்லாந்து எல்லையில இருக்கிற மியாவடி வழியா வந்த சாமான்ல சீல் கிடைச்சுது, மாட்டியாச்சு. என் வண்டிக்கு சாமான் தேடுறது அப்படி இல்ல, பழைய வண்டிய உடைச்சு விக்கிறவன் கிட்ட தான் போய் நிக்கணும். ஆனா என்னோடது டூ வீல், அந்த ஆக்சில் தொல்லையே கிடையாது. யான்மார்ல மாடல் நம்பர் கடைசியில டி எழுத்து இருந்தா தான் ஃபோர் வீல், வாங்குறப்பவே தகட்ட பாத்துக்கோங்க.

நீங்க கேட்டா நான் இப்படி தான் சொல்வேன்: சொந்த வயல் அஞ்சாறு ஏக்கர், மழை நெல்லுக்கு அப்புறம் உளுந்து, அவ்ளோ தான்னா யான்மார் எடுங்க, டீசலும் கம்மியா குடிக்குது, இப்ப டீசல் கிடைக்கிற நிலைமைக்கு அது பெரிய விஷயம். ஊரெல்லாம் கூலிக்கு உழப் போறவங்க குபோட்டாவ எடுங்க, ஆனா வாங்குற காசோட முன் ஆக்சிலுக்குன்னு ஒரு தொகைய தனியா எடுத்து வச்சிட்டு எடுங்க.

மச்சான் வண்டியில இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. முன்னால வச்சிருந்தவரு பின் டயர மட்டும் உயரமா மாத்திட்டாரு, முன் டயர் தேஞ்சது. மண் தரையில ஃபோர் வீல் போடாம பின்சக்கரம் 10 சுத்து வர்றதுக்குள்ள முன்சக்கரம் எத்தனை சுத்துதுன்னு எண்ணினோம், அப்புறம் ஃபோர் வீல் போட்டு எண்ணினோம். போட்டப்ப முன்சக்கரம் கொஞ்சம் கூட சுத்தணும், 100க்கு 1லேர்ந்து 5 வரைக்கும். இவனுக்கு குறைஞ்சு வந்துச்சு, அப்படின்னா முன்சக்கரம் இழுக்கல, பின்னால இழுபடுது. சேத்துல வழுக்கி சமாளிச்சுக்கும், கெட்டித் தரையில அந்த முறுக்கெல்லாம் கியர் மேல தான் ஏறும். சரியான ஜோடி டயர் தேடிக்கிட்டு இருக்கோம், அது கிடைக்கிற வரைக்கும் ரோட்டுல அந்த ஃபோர் வீல் லிவர தொடாதடான்னு சொல்லி வச்சிருக்கேன்.