பழ ஈப் பொறி: ஒரு பருவம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகு

போன பருவத்தில் என் ஐந்து ஆரஞ்சு மரங்களிலும் பாதிக் காய் பழுக்கும் முன்பே உதிர்ந்துவிட்டது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கன்றிப்போன வட்டம். அறுத்தால் சுளைக்குள் வெள்ளைப் புழுக்கள். அதில் ஒன்று உடம்பை வில்லாக வளைத்துத் தரையில் துள்ளி விழுந்தது. கீழைப் பழ ஈயின் வேலை. மனசு ஆறவில்லை. இந்த முறை பிஞ்சு திரளும்போதே இரண்டு பொறி வாங்கிவிட்டேன்.

மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளும் பூச்சிமருந்தும் ஊறிய மரக்கட்டை. இந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் பறந்து வருவதை ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் 1915-லேயே எழுதியிருக்கிறார். நான் மாட்டிவிட்டுக் கை கழுவி வருவதற்குள் ஓர் ஈ டப்பாமேல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில் 43 கிடந்தன. முதுகின் இருபுறமும் மஞ்சள் கோடு, கண்ணாடி இறக்கை.

மூன்றாம் நாள் ஆறுதான். ஈ குறையவில்லை, எறும்பு தூக்கிப் போயிருந்தது. தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவியதும் சரியாயிற்று. அதைவிடப் பெரிய குறை, மூடி இறுக்கமாக இல்லை. ஒரு மழையில் கட்டை ஊறிப் பூச்சிமருந்து போய்விட்டது. பூச்சிமருந்தில்லாத கட்டையைத் தொங்கவிடாதீர்கள். வாசனைப் பொருளை மட்டும் தின்றுவிட்டுத் தப்பும் ஆண் ஈக்குப் பெண் ஈ இன்னும் எளிதாக இணங்கும்.

பெட்டியில் ‘இனிப் புழுவே இல்லை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். மாட்டுவது ஆண் மட்டும். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் தன் பாட்டுக்குக் காயைக் குத்தி முட்டையிடும். பசிபிக்கில் ரோட்டா தீவில் 1960-களில் இதே வாசனைப் பொருளும் பூச்சிமருந்தும் ஊறிய அட்டைகளை விமானத்திலிருந்து போட்டு இந்த ஈயையே ஒழித்தார்கள். அங்கே சுற்றிலும் கடல். எனக்கோ வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் பொறுக்காத கொய்யா.

அதனால் விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிக் கறுப்புப் பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போட்டேன். விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். இரண்டும் சேர்ந்த பிறகு இந்தப் பருவத்தில் பத்துக்கு ஒரு பழம்தான் போனது.

வாங்கலாம். காய் முற்றும் முன்பே, நிழலில், ஆள் மார்பு உயரத்தில் மாட்டுங்கள். மூடி விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள்.