செர்ரா ட எஸ்ட்ரெலா மலைப்பாதை: சேயாவிலிருந்து மன்டெய்காஸ் வரை

போர்ச்சுகலில் காரில் ஏற ஒரே ஒரு மலைதான் என்றால், 1976-இல் இயற்கைப் பூங்காவான செர்ரா ட எஸ்ட்ரெலாவையே சொல்வோம். சேயா நகரில் டேங்கை நிரப்பிவிட்டு என்339 சாலையைப் பிடியுங்கள். மேலே பங்க் கிடையாது. சபுகெய்ரோ கிராமம் தாண்டியதும் மரங்கள் குறைந்து, வீடளவு கருங்கல் பாறைகள் தொடங்கும். லகோவா கொம்ப்ரிடா அணையருகே வண்டியை நிறுத்தலாம்.

1,993 மீட்டர் உயரமுள்ள டோர்ரே, போர்ச்சுகல் பெருநிலத்தின் உச்சி. ஆனால் கார் நிறுத்துமிடமும் கடைகளுமாக இருக்கும்; அரை மணி நேரம் போதும். காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

உண்மையான அழகு இறங்கும்போதுதான். கொவில்யா நகரின் திசையில் இறங்கி, நாவே டி சான்டோ அன்டோனியோ புல்வெளியருகே இடப்பக்கம், மன்டெய்காஸ் செல்லும் என்338 சாலையில் திரும்புங்கள். பனியாறு குடைந்த செசெரே பள்ளத்தாக்கு, தொட்டில் போல 'யு' வடிவில் அப்படியே விரியும். வழியில் கொவாவ் டமெடாடே என்ற இடத்தில் பிர்ச் மர நிழலில் கட்டாயம் இறங்கி நடக்க வேண்டும்.

இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். குளிர்காலத்தில் பனி கொட்டினால் உச்சிப் பகுதியை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரியுங்கள். மே, ஜூன் சிறந்த மாதங்கள்.

இங்கத்திய செம்மறி ஆட்டுப்பால் சீஸைத் தவறவிடாதீர்கள். முட்செடிப் பூவால் உறையவைப்பதால் சைவர்களும் சாப்பிடலாம். மேல்தோலை மூடி போல வெட்டி, குழைவான உள்பகுதியைக் கரண்டியால் அள்ளி ரொட்டியில் தடவ வேண்டும்.