மருந்து அட்டைகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பி.எஸ்சி. நர்சிங் படிக்கையில் மருந்தியல் தேர்வுக்காக எழுதத் தொடங்கிய கையடக்க அட்டைகளை, ஸ்டாஃப் நர்ஸாகப் பணியில் சேர்ந்த பின்னும் விடாமல் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மூலையில் துளையிட்டுச் சாவி வளையத்தில் கோத்தவை என்பதால் செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் எழுதியவை வார்டில் உதவவில்லை. வகை, செயல்படும் விதம், அளவு, பக்கவிளைவுகள் என்று பாடப்புத்தக வரிசையிலேயே எழுதியிருந்தேன். அது தேர்வில் மதிப்பெண் தந்தது. காலை மருந்து டிரேயோடு படுக்கை படுக்கையாகப் போகும்போது பக்கவிளைவுகளின் நீண்ட பட்டியலைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதை எப்போது பார்க்க வேண்டும், என்ன நடந்தால் டாக்டரை அழைக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கான விடையாக ஒவ்வொன்றையும் திருப்பி எழுதினேன்.

அதிகம் பயன்பட்டது இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜாக்சின் மருந்தின் அட்டை. மார்பில் ஸ்டெத் வைத்து இதயத்துடிப்பை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் வரி. அதன் கீழே அரை ஆயுட்காலத்தைக் குறித்திருக்கிறேன். இந்த மருந்தின் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். எந்த மருந்தும் உடலில் நிலையான அளவை எட்ட நான்கைந்து அரை ஆயுட்காலம் தேவை என்பதால், இன்று மாற்றிய அளவின் முழு விளைவு ஒரு வாரம் கழித்தே தெரியும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இன்னும் தள்ளிப்போகும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இது வெறும் எண்ணாக இருந்தது.

சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஃப்ரூசமைடும் டிஜாக்சினும் சேர்த்து எடுத்துவந்த முதியவர் ஒருவர், இட்லித் தட்டைத் தள்ளிவைத்து "வாய்க்கே பிடிக்கலைம்மா" என்றார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துவிட்டு அட்டையைத் திருப்பினால், கடைசி வரியில் பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம் என்று என் கையெழுத்தே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 52. மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் தெரிவித்தேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. ஃப்ரூசமைட் அதை சிறுநீரில் வெளியேற்றிவிடும், பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சினின் நச்சுத்தன்மை கூடும்.

இன்சுலின் அட்டை என் தவற்றிலிருந்து பிறந்தது. நம் நாட்டில் வழக்கமான இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினான கிளார்ஜின் குப்பியில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. பயிற்சிக் காலத்தில் கிளார்ஜின் 20 யூனிட் என்ற ஆர்டருக்குச் சிவப்பு மூடியை எடுத்து 20-ஆம் கோடு வரை இழுத்திருந்தேன். அது அரை மில்லி, அதாவது 50 யூனிட். பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர் "குப்பியைப் படிச்சியா?" என்று கேட்டதால் ஊசி நோயாளியைத் தொடவில்லை. அன்றிரவே இரண்டு மூடிகளையும் வண்ணத்தில் வரைந்து அட்டையாக்கினேன்.

பொட்டாசியம் குளோரைடு அட்டையில், ஆம்பூலிலிருந்து நேராக ரத்தக்குழாயில் ஒருபோதும் செலுத்தாதே, இதயம் நின்றுவிடும் என்பது மட்டுமே இருக்கிறது. செல்போனில் தேடலாமே என்பார்கள். கையுறையோடு அது நடக்காது.

குறைகளும் உண்டு. மருந்தின் வணிகப் பெயரில் எழுதிய அட்டைகள், மருந்தகம் கம்பெனியை மாற்றியதும் வீணாயின. பால்பாயின்ட் மை, கை சுத்தம் செய்யும் ஹேண்ட் ரப் திரவம் பட்டதும் கரைகிறது, ஒருமுறை .25 என்று எழுதியதில் புள்ளி அழிந்து 25 ஆகிவிட்டது. அதன்பிறகு முன்னால் சுழியம் இட்டு 0.25 என்றே எழுதுகிறேன், அதுவும் பென்சிலில். லேமினேட் செய்து பார்த்தேன். புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் போனதால் கத்தரியால் பிரித்தெடுத்தேன், அதில் இரண்டு அட்டைகள் கிழிந்தன.