அகல இரவுக் காட்சிக்கு அபுச்சர் 1200டி ப்ரோ: வெளிச்சம் போதும், அகலம்தான் கணக்கு

ஊர்த் தெரு முழுக்க ஃப்ரேமுக்குள் வரும் நைட் எஃபெக்ட் ஷாட் என்றால் 18கே எச்.எம்.ஐ-யும் (18,000 வாட் பெரிய சினிமா விளக்கு) அதற்கு ஒரு பெரிய ஜெனரேட்டர் வண்டியும் கேட்பதுதான் வழக்கம். அந்த இடத்தில் அபுச்சர் எல்.எஸ். 1200டி ப்ரோ என்ற 1200 வாட் எல்.இ.டி நிற்குமா? கேமராவைப் பொறுத்து, நிற்கும்.

கம்பெனி தரும் எண் இது: வெளிச்சத்தை 15 டிகிரிக்குள் குவிக்கும் ரிஃப்ளெக்டரில், 3 மீட்டரில் 83,100 லக்ஸ் (விழும் வெளிச்சத்தின் அளவு). தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. அந்தக் கணக்கில் 30 மீட்டரில் சுமார் 830, 50 மீட்டரில் 300 லக்ஸ் கிடைக்கும். சோனி வெனிஸ் கேமராவை 2500 ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்), டி2.8-ல் (லென்ஸ் திறப்பு) வைத்தால் முழு எக்ஸ்போஷருக்கே 40 லக்ஸ் போதும். நிலா வெளிச்சத்தை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி) இறக்கித்தான் வைப்பார்கள் என்பதால் 10 முதல் 15 லக்ஸில் வேலை முடிந்துவிடும். 800 ஐ.எஸ்.ஓ-வில் ஓடும் கேமரா என்றால் அந்த 40 என்பது 125 ஆகிவிடும், கையிருப்பும் கரைந்துவிடும்.

சிக்கல் வெளிச்சம் விழும் வட்டத்தில்தான். 15 டிகிரியில், 50 மீட்டர் தள்ளி விழும் வட்டம் வெறும் 13 மீட்டர். அதன் விளிம்பிலும் நடுவை விட ஒரு ஸ்டாப் குறைவு. பவர் அதிகம் என்பதற்காகவே பலர் இந்தக் குறுகிய ரிஃப்ளெக்டரை மாட்டுகிறார்கள். கரகாட்டத்துக்கு ஃபோகஸ் அடித்த மாதிரி தெரு நடுவில் ஒரு வெள்ளை வட்டம் உட்கார்ந்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ ஏற்றக்கூடிய கேமரா கையில் இருந்தால் பெட்டியில் கூடவே வரும் 35 டிகிரி ரிஃப்ளெக்டரை மாட்டுங்கள். அதே தூரத்தில் 31 மீட்டர் அகலம் வரும். லக்ஸ் நன்றாகவே இறங்கும், ஆனாலும் நிலாவுக்குப் பற்றும்.

விளக்கைக் கிட்டே வைக்கவே வைக்காதீர்கள். காட்சியின் முன் விளிம்பு 20 மீட்டரிலும் பின் விளிம்பு 60 மீட்டரிலும் இருந்தால் இரண்டுக்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். அதே 40 மீட்டர் ஆழத்தை 60-க்கும் 100-க்கும் இடையே கொண்டுபோனால் ஒன்றரை ஸ்டாப்தான். பீமின் நடுவைக் கடைசி வீட்டின் மேல் குறிவைத்து, முன்பக்கத்துக்கு விளிம்பு வெளிச்சத்தை மட்டும் விட்டால் அதுவும் இன்னும் குறையும். லைட்மேனிடம் "நடுவை ஆர்ட்டிஸ்ட் மேல வைங்க" என்று சொன்னால் இது மொத்தமும் கெட்டுப்போகும்.

கிரேனில் ஏற்றும்போது முதலில் மாட்டிக்கொள்வது கேபிள். ஹெட்டுக்கும் கன்ட்ரோல் பாக்ஸுக்கும் நடுவில் வருவது ஏழரை மீட்டர் கேபிள். 12 மீட்டர் உயரத்துக்கு அது எட்டாது. பாக்ஸையும் மேலே ஏற்றிக் கூண்டுக் கம்பியில் கட்டி, கீழிருந்து பவர் லைனை மட்டும் கொண்டுபோக வேண்டும். லைனின் பாரம் ப்ளக்கில் தொங்காதபடி மேலே ஒரு கட்டு அவசியம். ரிஃப்ளெக்டருக்குத் தனி சேஃப்டி செயின் போடுங்கள். மொபைல் ஆப்பின் ப்ளூடூத் அந்த உயரத்தில் அடிக்கடி விட்டுப்போகும், ஆகவே சி.ஆர்.எம்.எக்ஸ் என்ற வயர்லெஸ் கன்ட்ரோல் வழியே டிம்மரை ஓட்டுவது நல்லது.

ஒரே கூண்டில் இரண்டு, மூன்று விளக்குகளை ஏற்றலாம் என்று தோன்றும். திறந்தவெளியில் பாதகமில்லை. முன்னால் மரம் இருந்தால்தான் ஆபத்து: அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்கு, 10 மீட்டரில் ஒரு கிளை, அதைத் தாண்டி 40 மீட்டரில் தரை என்றால் கிளையின் இரண்டு நிழல்களும் 2 மீட்டர் விலகி விழும். ஒரு நிலாவுக்கு இரட்டை நிழல். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, லைட் போட்டது மட்டும் தெரிந்துவிடும்.

இந்த விளக்கு தருவது டேலைட், அதாவது பகல் வெள்ளை நிறம் மட்டும்தான். கேமராவை 4300 கெல்வினில் வைத்தால் அளவான நீலம் கிடைக்கும். 3200-ல் வைத்தால் பழைய படத்து நீலம். சோடியம் தெருவிளக்கு மாதிரி ஆரஞ்சுச் சாயலுக்கு ஃபுல் சி.டி.ஓ என்ற ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டினால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் போய்விடும். காட்சியில் உண்மையான தெருவிளக்கு எரிந்தால் 24 ஃப்ரேமுக்கு ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அதுதான் ஃப்ளிக்கர் இல்லாமல் ஓடும். தண்ணி லாரி வைத்துத் தெருவை நனைப்பதும் இங்கே நல்ல முதலீடு. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பேக்லைட் ஈரத்தரையில் பட்டுத் தெறிக்கும்போது விளக்கைக் கூட்டாமலே தரை எழும்பும்.

கரண்டில்தான் பெரிய லாபம். 230 வோல்ட்டில் ஒன்றுக்கு 6 ஆம்பியர் சொச்சம், நான்குக்கு 25. சின்ன சைலன்ட் ஜெனரேட்டர் போதும். 18கே ஒன்றே 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அணைத்த உடனே திரும்பப் போடலாம், எச்.எம்.ஐ போலச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டாம். ஐ.பி.54 (தூசி, தண்ணீரைத் தடுக்கும் தர அளவு) என்பதால் தூறலைத் தாங்கும், பெருமழையில் மூடித்தான் ஆக வேண்டும்.

20-க்கு 20 அடி ஸ்கிம் துணிக்குப் பின்னால் வைத்து மென்மையாக்கவோ, 800 ஐ.எஸ்.ஓ-வில் அகன்ற ஆற்றங்கரையை ஒரே நிழலோடு நிரப்பவோ வேண்டுமென்றால் இதை நான்கு எடுப்பதை விட 18கே ஒன்றை வாடகைக்கு எடுப்பதே சரி.